மலைநாட்டு மண்காப்பும் அரசாங்க உதவிப்பணமும்

மலைநாட்டுக் கமக்காரரிடம் மண்ணரிப்பைப் பற்றிப் பேசுமிடத்து, அவர்கள் அதனை அறியாதவர்களல்லர் என்பது முதலிலேயே புலப்படும். கந்தப்பளையிலும் இராகலையிலும் மரக்கறி செய்வோர், மழை பெய்து ஓய்ந்ததும் ஓடையில் இறங்கும் செந்நீர் தம் பாத்தியின் மண்ணே என்பதை நன்கு அறிவர். வலப்பனை, கொத்மலைப் பள்ளத்தாக்குகளில் நெல் விதைப்போர், மேற்காணியிலிருந்து வந்து வாய்க்காலை அடைக்கும் மண்ணை ஒவ்வொரு போகமும் வெட்டி எறிகின்றனர். அட்டன், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளிலே வேர் வெளியே தெரிய நிற்கும் பழஞ்செடிகளைக் காணாதவர் எவருமிலர்.

அவர்களுக்குச் சந்தேகமெல்லாம் பணத்தைப் பற்றியதே. கற்சுவர் கட்டவும், கான் வெட்டவும், தடுப்பு வேலி நடவும் அரசாங்கம் உதவிப்பணம் தருவதாகக் கூறினால், ஒருவர் “பணம் வரட்டும், பிறகு பார்ப்போம்” என்பார். மற்றொருவர் “காணி என்னுடையதன்று, நான் ஏன் கட்டவேண்டும்?” என்பார். மூன்றாமவர் “வாங்கினால் ஒன்று, அதன் பின்னர் கந்தோருக்கு நடப்பது பத்து” என்பார். இம்மறுமொழிகளைச் சோம்பலென்றும் அறியாமையென்றும் தள்ளிவிடுவது எளிது. ஆயினும் ஒவ்வொன்றின் பின்னாலும் கணக்கொன்று இருக்கின்றது. அக்கணக்கில் எது சரி, எவ்விடத்தில் கமக்காரர் தாமே நட்டமடைகின்றார் என்பதை இத்துண்டுப் பிரசுரத்தில் ஆராய்வோம்.

கண்ணுக்குத் தெரியாத நட்டம்

மண்காப்பு எதுவுமில்லாத பழைய விதைத் தேயிலை நிலத்திலிருந்து ஆண்டொன்றுக்கு ஹெக்டேயருக்கு 40 தொன் வரை மண் போவதாகவும், நன்கு மூடி வளர்ந்த பதியத் தேயிலை நிலத்திலிருந்து கால் தொன்னளவே போவதாகவும் இலங்கையில் 1980களில் வெளியான அளவீடுகள் கூறின. ஒரே பயிர், ஒரே மலை. வேறுபாடு நிலத்தை மூடியிருக்கும் இலையிலும் செய்த காப்பிலுமே உள்ளது.

40 தொன் என்றவுடன் மலைப்புத் தோன்றும். அதனை ஏக்கர்க் கணக்கிற் பார்த்தால் 16 தொன். அந்த 16 தொன்னை ஓர் ஏக்கரின் மேற் பரப்பினால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்பாகும்; அதாவது ஒரு நெல்மணியின் அகலம். ஓராண்டில் ஒரு நெல்மணியளவு நிலம் தாழ்ந்தால் அதனை எவர் காண்பார்? அவ்வாண்டு விளைச்சலும் குறையாது. குறைந்தாலும் மேலும் அரை மூடை பசளை அக்குறையை மறைத்துவிடும். பத்தாண்டு கழிந்தபின் ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட மேன்மண் போயிருக்கும். அப்பொழுது மண்வெட்டி கீழேயுள்ள கடினமான கீழ்மண்ணிற் படும்.

நட்டம் மெதுவாக வருகின்றது. செலவோ இன்றே வருகின்றது. கற்சுவருக்குக் கூலி இன்று கொடுக்கவேண்டும். சுவரும் கானும் வேலியும் பாத்தியின் ஒரு பகுதியை இன்றே எடுத்துக்கொள்ளும். படி வெட்டும்பொழுது கீழ்மண் மேலே புரளுமாகையால் முதற் போகத்தில் விளைச்சல் இறங்கவுங் கூடும். லீக்ஸும் கரட்டும் விற்று அடுத்த போகத்து விதைக்கும் பசளைக்கும் பணந்தேடும் குடும்பத்துக்கு இது சிறு செலவன்று. ஆகவே “பணம் வரட்டும்” என்பவரின் கணக்கு ஒரு போகத்துக்குச் சரியானதே. பத்துப் போகத்துக்கு அது பிழையாகின்றது.

படிவயல் கூறுவது

இவ்விடத்தில் நெற்செய்கையாளர் தம் வயலையே பார்க்கலாம். வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் படிவயல்கள் பல தலைமுறைகளுக்கு முன்னர் வெட்டப்பட்டவை. அவற்றின் வரம்பு உடைந்தால் அவ்வாரமே கட்டப்படுகின்றது. அதற்காக மானியத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு காத்திருந்த கமக்காரரை நாம் கண்டதில்லை. காரணம் வெளிப்படையானது. வரம்பு உடைந்தால் நீர் நில்லாது, நீர் நில்லாவிடின் அப்போகத்து நெல்லில்லை.

மரக்கறி நிலத்துக் கற்சுவருக்கு இத்தகைய உடனடிப் பயன் இல்லை. அது மட்டுமன்று, உருளைக்கிழங்குக் காணியில் வேறொரு சங்கடமும் உண்டு. சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி போட்டு நீரை நிறுத்தினால் கிழங்கு அழுகுகின்றதென்றும், வாடல் நோய் பரவுகின்றதென்றும் கமக்காரர் அஞ்சி, மேலிருந்து கீழாகவே பாத்தி போடுகின்றனர். அவ்வச்சம் வீணானதன்று. நீர் தேங்குமிடத்தில் கிழங்கு அழுகவே செய்யும். வாடல் நோயின் கிருமி ஓடும் நீரோடு காணி விட்டுக் காணி செல்லும். ஆகையால் மண்காப்பைப் போதிக்கச் செல்வோர் “குறுக்கே போடு” என்று மட்டுங் கூறிவிட்டு வருவது போதாது. நீர் மெல்ல வடிந்து செல்லும் சிறு வாட்டத்துடன் குறுக்கே போடும் முறையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதனைப் பின்னர் விளக்குவோம்.

படிவயலிலிருந்து நாம் அறியக்கூடியது யாதெனில், தன் போகத்துக்குப் பயன்தரும் வரம்பைக் கமக்காரர் தாமே காப்பர் என்பதாம். பயன் தாமதமாக வரும் வரம்புக்கும், பயன் வேறொருவருக்குச் செல்லும் வரம்புக்கும் வெளியிலிருந்து பணம் தேவைப்படுகின்றது.

காணி யாருடையது?

“காணி என்னுடையதன்று” என்னும் மறுமொழியே இவற்றுள் கனமானது.

நெற்காணியில் அந்தக்குத்தகை செய்வோருக்கு 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பாதுகாப்பளித்தது. பின்னர் வந்த சட்டங்களும், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் அப்பாதுகாப்பைத் தொடர்ந்தன. மேட்டுநில மரக்கறிக் காணியை ஒரு போகத்துக்கோ ஓராண்டுக்கோ குத்தகைக்கு எடுப்பவருக்கு அத்தகைய பிடிப்பு இல்லை. அவர் இவ்வாண்டு கற்சுவர் கட்டினால், அடுத்த ஆண்டு அந்நிலம் செம்மையாயிற்றென்று குத்தகை கூடலாம், அல்லது உடைமையாளர் தாமே எடுத்துக்கொள்ளலாம். கட்டியவருக்குக் கை வலி மட்டுமே மிச்சமாகும்.

தோட்டப் பகுதியில் நிலைமை இன்னுஞ் சிக்கலானது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நிலமோ அரசுக்கே உரியதாக இருந்தது. லயத்துக்குப் பக்கத்திலும், தேயிலை அழிந்த மூலைகளிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கோவாவும் போஞ்சியும் உருளைக்கிழங்கும் நட்டு வருகின்றன. பெரட்டு முடிந்து மலைக்குப் போய்க் கொழுந்து கொய்து வந்தபின், மாலையில் செய்யும் கமம் அது. 2015 ஆம் ஆண்டையொட்டித் தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுக்காக 7 பேர்ச்சஸ் காணி வழங்கும் ஏற்பாடு தொடங்கிற்று. அது வீட்டுக்குரிய நிலம். மரக்கறிப் பாத்தி பெரும்பாலும் அவ்வெல்லைக்கு வெளியிலேயே கிடக்கின்றது. உதவிப்பண விண்ணப்பத்தில் உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் கேட்கப்படுமாயின், அக்குடும்பம் என்ன காட்டும்? எவர் உழுகின்றாரோ அவரிடம் பத்திரமில்லை. எவரிடம் பத்திரமிருக்கின்றதோ அவர் அங்கே உழுவதில்லை. இத்தகைய நிலத்தில் உதவிப்பணத்தை உயர்த்துவதினும், குறைந்தது ஐந்தாண்டுக்கு உழுபவரை எழுப்பாதிருக்கும் எழுத்துமூல உடன்படிக்கையே மண்ணை விரைவிற் காக்கும் என்பது எமது துணிபு.

தேயிலைச் சிறுபற்று நிலங்களில்

தேயிலை மீள்நடுகைக்கான உதவிப்பணம் 1950களின் இறுதியிலிருந்து நடைமுறையில் வந்தது. தேயிலைச் சிறுபற்று நிலங்களுக்கென 1975 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினால் தனி அதிகாரசபையும் ஏற்படுத்தப்பட்டது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கூறும் முறைப்படி, பழஞ்செடிகளைத் தூரோடு பிடுங்கியபின் அந்நிலத்தில் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ 18 முதல் 24 மாதம் வரை வளர்த்து, அடிக்கடி வெட்டி மண்ணிலேயே பரப்பவேண்டும். இளைத்த மண்ணுக்கு உரமூட்டுவதற்கு இதனினும் நல்ல வழி இன்னும் காணப்படவில்லை.

ஆனால் பத்து மலைகள் உள்ள தோட்டம் ஒரு மலையைப் புல்லுக்கு விட்டாலும், மற்ற ஒன்பதிலே கொழுந்து கொய்யும். அரை ஏக்கர் மாத்திரம் உடைய சிறுபற்றாளர் அதனைப் பிடுங்கினால் புல்லுக்கு இரண்டாண்டு, இளஞ்செடி கொழுந்து தருவதற்கு மேலும் சில ஆண்டு என வருமானமின்றி இருக்கவேண்டும். பணமும் தவணை தவணையாக, வேலையைப் பார்வையிட்ட பின்னரே வரும். ஆகையினால் அவர் வெற்றிடங்களில் மாத்திரம் செடி நட்டுக்கொண்டு, முப்பது நாற்பது ஆண்டுச் செடியோடு காலந்தள்ளுகின்றார். அரை ஏக்கரையும் ஒருங்கே பிடுங்காமல் மூன்று துண்டாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் வீட்டுச் செலவுக்குக் கொழுந்து நிற்கும். விண்ணப்பிக்கும்பொழுதே இவ்வாறு துண்டு துண்டாகச் செய்ய இடமுண்டா என்று உத்தியோகத்தரைக் கேட்டறிக.

செலவு மேலே, பயன் கீழே

அரசாங்கப் பணம் வாங்குவதைச் சிலர் இழிவாக எண்ணுகின்றனர். வேறு சிலர் அதனை இனாமென எண்ணுகின்றனர். இரண்டும் சரியல்ல.

நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் கழுவுண்ட மண் கொத்மலை ஓயாவிலே சேர்ந்து மகாவலியில் இறங்குகின்றது. கண்டிக்கருகே பொல்கொல்லையில் கட்டப்பட்ட மகாவலித் திருப்பு அணை 1976 இல் இயங்கத் தொடங்கியது. 1988 இல் அளந்தபொழுது அதன் கொள்ளளவில் ஏறக்குறைய 44 சதவீதம் வண்டலால் நிரம்பியிருந்தது. அந்நீரே மின்சாரத்தையும், வரண்ட வலயத்தில் நெற்செய்கைக்கான நீரையும் தருவது. அட்டன், மஸ்கெலியாப் பக்கத்து நீரோ காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களினூடாகக் களனி கங்கையை அடைந்து, கொழும்பு நகரத்தாரின் குடிநீருக்கும் உதவுகின்றது. நுவரெலியாவிற் கட்டிய ஒரு கற்சுவரின் பயனில் ஒரு பங்கு கட்டியவருக்கு. மறு பங்கு அவரை ஒருபோதும் காணாத கீழ்நாட்டாருக்கு. அம்மறு பங்குக்கு உரிய விலையைப் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பதே உதவிப்பணம். அதனைத் தலைநிமிர்ந்து வாங்கலாம். வாங்கினால் சுவரைக் காக்கவும் வேண்டும்.

ஒன்றைக் கூறாமல் விடுவது நியாயமாகாது. வண்டலுக்கெல்லாம் மரக்கறிக்காரரையே குறை கூறுவது வழக்கமாயிருக்கின்றது. வீதிக்காக வெட்டிய மண்மேடுகளும், கட்டடங்களுக்காகக் குடைந்த சரிவுகளும், கவனிப்பாரற்ற பழந்தேயிலையும் அவ்வண்டலிற் பங்குடையன. கரட் பாத்தியின் மண் கண்ணெதிரே ஓடுவதால் பழி அதன்மேல் விழுகின்றது.

இந்நாட்டில் இவ்விஷயம் புதிதன்று. கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், 1873 இல் இங்கிலாந்தின் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்ததன் பேரில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தோட்டங்களுக்கு விற்பது நிறுத்தப்பட்டது. 1931 இல் மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை வெளியாயிற்று. 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண்பாதுகாப்புச் சட்டம், மண்ணரிப்புக்கு உள்ளாகும் பிரதேசங்களைப் பிரகடனஞ் செய்யவும், அங்குள்ள நிலவுடைமையாளரைக் காப்பு வேலைகள் செய்யுமாறு பணிக்கவும் அதிகாரந் தந்தது. 1996 இல் அது திருத்தப்பட்டது. சட்டம் உடைமையாளரைக் கட்டாயப்படுத்தலாம். வெட்டிய கான் ஆண்டுதோறும் தூர்வாரப்படுவதை எச்சட்டமும் வீடு வீடாகச் சென்று பார்க்கவியலாது.

கட்டுவதற்குப் பணம், காப்பதற்கு?

நுவரெலியா மாவட்டத்தில் 1979 இலிருந்து நெதர்லாந்தின் உதவியுடன் ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டம் நடைபெற்றது. மேல் மகாவலி நீரேந்து பிரதேசத்தில் ஜேர்மனியும் உதவியது. 2016 ஆம் ஆண்டையொட்டி ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பின் துணையுடன் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் சீர்கெட்ட விவசாய நிலங்களைப் புனரமைக்கும் திட்டம் ஒன்றும் ஆரம்பமாயிற்று. இத்தகைய முயற்சிகளினாலே கற்சுவர்களும், சமவுயர வேலிகளும் பல இடங்களில் எழுந்தன. திட்டம் முடிந்தபின் சில இடங்களில் அவை இன்றும் நிற்கின்றன; சில இடங்களில் கத்தரிக்கப்படாத வேலி மரமாகிப் பயிருக்கு நிழல் விழுத்த, கமக்காரரே அதனை வெட்டியெறிந்தனர்.

எல்லா நாடுகளிலும் உதவிப்பணத்தின் பலவீனம் இதுவே. கட்டும் நாளுக்குப் பணம் வரும், காக்கும் ஆண்டுகளுக்கு வராது. அமெரிக்காவில் 1930களின் புழுதிப்புயலுக்குப் பின் 1935 இல் மண்காப்புக்கெனத் தனிச் சேவையொன்று நிறுவப்பட்டது; அங்கும் இக்குறை உணரப்பட்டது. 1985 இல் வந்த திட்டத்தின்படி, எளிதில் அரிபடும் நிலத்தைப் புல்லுக்கோ மரத்துக்கோ விடும் உழவருக்கு 10 முதல் 15 ஆண்டுவரை ஆண்டுதோறும் வாடகை கொடுக்கின்றனர். எமது மலைநாட்டில் அரை ஏக்கரைப் புல்லுக்கு விட்டுவிட்டு ஒருவர் உண்ணமுடியாது. ஆயினும் ஆண்டுதோறும் பார்வையிட்டு ஆண்டுதோறும் கொடுக்கும் முறை இங்கும் பொருந்தும். உதவித் திட்டங்களைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப்படும் கூட்டங்களில் கமக்காரர் சங்கங்கள் இதனையே கேட்கவேண்டும்: முதலாண்டுத் தொகை சிறிது குறையினும் ஆகுக, எஞ்சியதைச் சுவரும் கானும் நிற்கும் ஒவ்வோராண்டும் தருக.

தனித்து விண்ணப்பிப்பதினும், ஒரே ஓடைக்கு மேலுள்ள காணிக்காரர் அனைவரும் சேர்ந்து விண்ணப்பிப்பது நன்று. மேற்காணிக்காரர் கான் வெட்டாதிருக்கக் கீழ்க்காணிக்காரர் மட்டும் சுவர் கட்டினால், முதற் பெருமழையிலேயே அச்சுவர் சரியும். சரிந்தபின் “மானியச் சுவர் நில்லாது” என்னும் பேச்சு ஊரெங்கும் பரவும். ஓடையின் அடியில் வயல் வைத்திருப்போரையும் இவ்விண்ணப்பத்திற் சேர்த்துக்கொள்க. மேலே கான் சரியாயிருந்தால் அவர்களுக்கு வாய்க்கால் வாரும் வேலை குறையும். ஆகையால் கான் வெட்டும் நாளில் இரண்டு கைகளை மேலே அனுப்புவதற்கு அவர்கள் பின்னிற்கமாட்டார்கள்.

பணத்துக்குக் காத்திராமற் செய்யக்கூடியவை

சமவுயரக் கோடு குறிப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இரண்டு ஒத்த கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவிலே குறுக்குக் கழியொன்றைப் பிணைத்து, உச்சியிலிருந்து நூலிற் கல்லொன்றைத் தொங்கவிடுக. சமதரையில் நூல் குறுக்குக் கழியிற் படும் இடத்தைக் குறித்துக்கொண்டால், மலையில் எங்கும் அதனைக் கொண்டு மட்டம் பிடிக்கலாம். கான் வெட்டும்பொழுது முழு மட்டமாக வெட்டாது, 120 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் விடுக. தோட்டங்களிற் கான்வெட்டுக்காரர் கையாளும் வாட்டம் இதுவே. கானின் உள்ளே சில அடிக்கு ஒன்றாகக் கானின் ஆழத்தினும் தாழ்ந்த மண் தடுப்புகளை விட்டால், வண்டல் ஒவ்வொரு குழியிலும் தங்க, நீர் மட்டும் வழிந்து போகும். தங்கிய வண்டலை மழைக்குப்பின் அள்ளிப் பாத்தியிலேயே போடுக. போன பணத்தில் ஒரு பகுதி திரும்பிற்று. உருளைக்கிழங்குப் பாத்தியையும் இதே வாட்டத்திற் போட்டால் நீர் தேங்காது, மண்ணும் ஓடாது.

தடுப்பு வேலிக்குச் சீமைக்கிளுவை தாழ்ந்த மலைகளுக்கு ஏற்றது. நுவரெலியாவின் குளிரில் அது செழிக்காது. உயர்ந்த இடங்களில் வெட்டிவேர், குவாத்தமாலாப் புல், மானாப் புல் ஆகியவற்றைக் கான் ஓரத்தில் நெருக்கமாக நடுக. சரிவு கூடக் கூட வரிகள் நெருங்கவேண்டும். வெட்டிய குவாத்தமாலாப் புல்லை மாட்டுக்குப் போடலாம். மாடில்லாதவர் பாத்தியை மூடலாம். களையைச் சுரண்டியாற் சுரண்டி நிலத்தை வெளுப்பாக்கும் பழக்கத்தை விட்டு, கையாற் பிடுங்கி அவ்விடத்திலேயே போடுவது செலவில்லாத காப்பாகும்.

ஓர் எச்சரிக்கை. நிலத்தில் வெடிப்புக் கண்டாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிதாக ஊற்று எழுந்தாலோ அவ்விடத்தில் நீரைத் தேக்கும் குழியோ படியோ வெட்டலாகாது; உள்ளே இறங்கும் நீர் சரிவை இன்னும் தளர்த்தும். 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதையுண்டதை மலைநாட்டார் மறந்திலர். இத்தகைய அறிகுறி கண்டவிடத்து, உதவிப்பணத்தைப் பற்றிய பேச்சை ஒருபுறம் வைத்துக் குடும்பத்தை அப்புறப்படுத்தி, கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும்.

அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தார் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர், ஏப்ரில் முடிவதற்குள் கான் வேலைகளை முடித்துக்கொள்க. வலப்பனை, உடப்புசல்லாவைப் பக்கத்தார்க்கு வடகீழ்ப் பருவமழையே பெரிதாகையால் செத்தெம்பர் மாதம் தகுந்தது. உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்க விரும்புவோர் அதற்கு மூன்று மாதம் முன்னதாகக் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, விவசாயப் போதனாசிரியரைக் காணிக்கே அழைத்து வருக. வேலை தொடங்குமுன் அவர் நிலத்தைப் பார்த்து அளந்து எழுதிக்கொள்வது அவசியம். கட்டி முடித்தபின் காட்டப்படும் சுவரை, முன்னரே இருந்த சுவரென்று ஐயுறுவதற்கு இடமுண்டு. குத்தகைக் காணியாயின் உடைமையாளரையும் அன்றே அவ்விடத்துக்கு வரச்செய்து, எத்தனை போகத்துக்குக் காணி உழுபவரிடம் இருக்குமென்பதைப் போதனாசிரியர் முன்னிலையில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டுப் பிரதியொன்றை வைத்துக்கொள்க.